மாவு மில் சுவரில் ஒட்டிய தாளை எடுத்துவிடுங்கள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் நான்கு தெருக்களின் வீட்டு உரிமையாளர் சங்கத்தாருக்கு,

போன செவ்வாய்க்கிழமை அரிசி அரைக்கப் போன இடத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். மேலே கன்னடம், கீழே தமிழ். இனிமேல் குடிவருகிறவர்களுக்கு யாரும் அக்ரிமென்ட் போட்டுத் தரக் கூடாது. ஏற்கெனவே போட்டவர்கள் காலம் முடிந்ததும் புதுப்பிக்கக் கூடாது. வாய்ப்பேச்சு போதும். பத்து மாத அட்வான்ஸில் மட்டும் மாற்றம் கிடையாது. எழுதிக் கொடுப்பது வீட்டுக்கு ஆபத்து என்று காரணமும் போட்டிருந்தீர்கள்.

அந்தத் தாளை டைப் அடித்துக் கொடுத்தது எங்கள் கடைதான். அன்றைக்கு நான் ஊரில் இல்லை, பையன் அடித்திருக்கிறான். நான் இருந்திருந்தாலும் அடித்துத்தான் கொடுத்திருப்பேன். பக்கத்துக்கு முப்பது ரூபாய், வந்த வேலையைத் திருப்பி அனுப்புகிற வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மெயின் ரோட்டில் டி.டி.பி. கடையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் நான். உங்களில் பாதிப் பேர் வீட்டு வாடகை ஒப்பந்தம் என் கையால் அடித்தது. யார் வீட்டில் சம்ப் எத்தனை லிட்டர், யார் வீட்டில் காவேரித் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், எந்த மாடியில் குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு வீடு இல்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். நான் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் அக்ரிமென்ட் கிடையாது. வீட்டுக்காரர் உங்கள் சங்கத்தில் இருக்கிறார்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2011இல் குடியாத்தத்திலிருந்து வந்து ஜீவனஹள்ளியில் ஒரு ஷீட் வீட்டில் குடியேறினோம். வாடகை 3,800, அட்வான்ஸ் 40,000. அதில் பாதி என் கம்மலை அடகு வைத்த பணம். வீட்டுக்காரர் ஆம்பூர்ப் பக்கம், எழுபது வயசு, தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், புது ஆர்வம். “தாத்தா, கடையில நானே அக்ரிமென்ட் அடிச்சிட்டு வரேன், கையெழுத்து மட்டும் போடுங்க” என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. “நம்ம ஊர்ப் பொண்ணு நீ. உனக்கும் எனக்கும் நடுவுல பத்திரமாம்மா?” என்று கேட்டார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என் சங்கடத்தைப் பார்த்து அவரே எழுந்து போய், சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார்: ‘அட்வான்ஸ் ரூ. 40,000 பெற்றுக்கொண்டேன்.’ கீழே ஒரு கையெழுத்து. தாளின் முன்பக்கத்தில் நல்ல நேரம், ராகு காலம், குளிகை, அன்றைக்குச் சந்திராஷ்டமம் யாருக்கு என்பது எல்லாம் இருந்தது.

நல்ல மனுஷன். ஐந்து வருஷத்தில் ஒருமுறைதான் வாடகை ஏற்றினார். மழையில் ஷீட் ஒழுகியபோது தானே ஏறித் தார் பூசினார். 2016இல் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் இரண்டாவது மகன் வந்து, வீட்டை விற்கப்போகிறோம், காலி செய்யுங்கள் என்றார். தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். முன்பக்கத்தைத்தான் முதலில் படித்தார். பிறகு திருப்பிப் பார்த்து, “இதுல வீட்டு நம்பர் இல்லையே. யார்கிட்ட வாங்கினார்னு உங்க பேர்கூட இல்லையே” என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. என் பெயர் அதில் இல்லை.

அண்ணன் தம்பி தங்கை மூன்று பேர். அப்பா வாங்கின பணத்தை யார் பங்கிலிருந்து கொடுப்பது என்று ஆறு வாரம் பேசினார்கள். அப்பாவுக்குப் பிறகு வீடு யாருக்குப் போகிறதோ அந்தக் கடனும் அவர்களுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். வாங்கினார் என்று காட்டத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் 15,000 கொடுத்தார்கள், பெயின்டிங்குக்குக் கழித்துக்கொண்டதாகச் சொல்லி. ஷீட் வீட்டுக்கு 25,000 ரூபாய்க்குப் பெயின்ட்! அந்தப் பிள்ளைகளை நான் திட்டவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்தவர் போய்விட்டார்.

அதனால்தான் ‘நம்ம ஆள்தானே, வாய்ப்பேச்சு போதும்’ என்று உங்கள் தாளில் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள், குடியிருக்கிற எங்களிலும் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். அக்ரிமென்ட் கேட்டால் நம்பிக்கையில்லாதவள் என்று பட்டம். ஆனால் பத்து மாத அட்வான்ஸை எண்ணி வாங்கும்போது மட்டும் யாரும், நம்ம ஆள்தானே, இரண்டு மாதம் போதும் என்று சொன்னதில்லை.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கடையில் உட்கார்ந்து கேட்கிற பேச்சுதானே. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடும் என்பது முதல் பயம். அக்ரிமென்ட் கொடுத்தால் அதைக் காட்டியே பாத்தியம் கேட்பான் என்று நினைக்கிறீர்கள். விஷயம் நேர் எதிர். 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் சொல்லும் 12 வருஷம், உரிமையாளருக்கு எதிராக, இது என்னுடையது என்று இடத்தைப் பிடித்து வைத்திருப்பவருக்கு. உங்கள் சம்மதத்தோடு வந்து, உங்களுக்கு வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் குடித்தனக்காரர்தான். அவர் குடித்தனக்காரராகத்தான் வந்தார் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி எது? அந்த அக்ரிமென்ட்தான். அதைக் கொடுக்காதே என்று சங்கமே தீர்மானம் போடுகிறது.

காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது. இதற்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா கடைக்கு வந்தார். புருஷன் இல்லை, இரண்டு போர்ஷன் வாடகைதான் சாப்பாடு. கீழ் போர்ஷன்காரன் எட்டு மாதமாக வாடகை தரவில்லை, வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். பதினோராயிரம் என்றார். அவன் எட்டாயிரம் என்கிறானாம், அதையும் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறானாம். அட்வான்ஸ் எவ்வளவு? அந்த அம்மா எண்பதாயிரம் என்கிறார், அவன் ஒன்றே கால் லட்சம் என்கிறான். எல்லாம் ரொக்கம், எழுத்து ஒன்றும் இல்லை. ‘நம்ம ஜனம்’ என்று நம்பி விட்ட வீடு. அந்த நோட்டீஸை அடிக்கும்போது எந்தத் தொகையைப் போடுவது என்று வக்கீலே இரண்டு தடவை போன் செய்து கேட்டார். அன்றைக்குத்தான், எழுத்து இல்லாத வீட்டில் வீட்டுக்காரரும் என்னைப் போலத்தான் நிற்கிறார் என்று புரிந்தது.

இன்னொன்றும் யோசியுங்கள். எழுத்து இல்லாத வீட்டு வாடகைக்கு 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவுதான் கணக்கு: மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் 15 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம். கர்நாடக வாடகைச் சட்டம் 1999 இருக்கிறதே என்பீர்கள். பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை என்றால் அந்தச் சட்டம் கிட்டேயே வராது. இன்றைக்கு இந்தத் தெருக்களில் அந்த வாடகைக்கு ஒரு பைக் நிறுத்த இடம் கிடைக்குமா என்று தெரியவில்லை. ஆக, பதினைந்தே நாள் நோட்டீஸில் நீங்கள் எங்களைக் கிளம்பச் சொல்லலாம். நாங்களும் பதினைந்தே நாளில் சாவியை நீட்டி, பத்து மாத அட்வான்ஸை எண்ணி வை என்று நிற்கலாம். அன்றைக்கு உங்களில் எத்தனை பேர் கையில் அந்தப் பணம் இருக்கும்? அடுத்த குடித்தனக்காரர் அட்வான்ஸ் கொடுத்தால்தானே எங்களுக்குத் திருப்பித் தரப் பணம் உங்கள் கைக்கு வருகிறது. நான் அடித்த ஒப்பந்தங்களில் எல்லாம் ‘இரண்டு மாத முன்னறிவிப்பு’ என்று ஒரு வரி வரும். அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

வரிப் பயம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை, செலவு ரசீது எதுவும் கேட்காமலே கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆபீஸ் போகும் குடித்தனக்காரர் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை காட்டினால், அக்ரிமென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பான் நம்பர் கேட்பார். ஒளித்து வைக்கிற காலம் போய்விட்டது.

கடைசிக் காரணத்தை நீங்கள் தாளில் எழுதவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தெருவில் ஒரு குடித்தனக்காரர் அக்ரிமென்டைக் காட்டி, தன் மீட்டரின் ஆர்.ஆர். நம்பரை, அதாவது மின் இணைப்பு எண்ணை, கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் பதிவு செய்துகொண்டார். 200 யூனிட் வரைக்கும் இலவச மின்சாரம், 2023இலிருந்து வாடகைக்காரருக்கும் உண்டு. அதுவரை அந்த வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வசூல் செய்துகொண்டிருந்தார். பில் பூஜ்யம் என்று தெரிந்ததும், பிறகு எதற்குப் பணம் என்று குடித்தனக்காரர் கேட்டார், சண்டை வந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் உங்கள் கூட்டம். இந்த நாலு தெருவில் யாருக்கும் இது தெரியாத ரகசியம் இல்லை. வீடு மாறினால் பழைய மீட்டரிலிருந்து விலக்கிக்கொள்ளவும் வழி வந்துவிட்டது, உங்கள் மீட்டரை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஒரு வீட்டுச் சண்டைக்காக எல்லோருடைய காகிதத்தையும் பிடுங்குவது நியாயமா?

எங்களுக்கு அந்தக் காகிதம் மின்சாரத்துக்கு மட்டும் இல்லை. ஸ்கூல் அட்மிஷனுக்கு, கேஸ் இணைப்புக்கு, ஆதாரில் விலாசம் மாற்ற, எங்கே போனாலும் ‘ரென்டல் அக்ரிமென்ட் இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. என் ஆதாரில் இன்றைக்கும் குடியாத்தம் விலாசம்தான் இருக்கிறது. பதினான்கு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறேன்.

நாம் போடுகிற அக்ரிமென்ட் ஒன்றும் பெரிய சாசனம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எல்லாமே பதினொரு மாதம். ஏன் என்றால், 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போகும் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்று ஒரு மாதத்தை வெட்டிவிடுகிறோம். ஈ-ஸ்டாம்ப் தாள் வாங்கி, பழைய ஃபைலைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, பிரின்ட் எடுத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்து. அதுவும் இங்கிலீஷில், இரண்டு பக்கத்தாரும் படிப்பதில்லை. ஒருமுறை கறிக்கடை பாய் தன் மாடி வீட்டைப் பிரியாணி மாஸ்டர் ஒருவருக்கு விட்டார். கையெழுத்தாகி ஒரு வருஷம் கழித்துப் புதுப்பிக்க வந்தபோதுதான் கவனித்தேன், ‘இவ்வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது’ என்ற வரி பழைய ஃபைலிலிருந்து அப்படியே வந்திருந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டு அழித்தோம். அப்படிப்பட்ட தாளாக இருந்தாலும், வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, வாங்கியவர் இவர், கொடுத்தவர் இவர் என்று அதில் இருக்கிறது. என் காலண்டர் தாளில் இல்லாதது அதுதான்.

என் நாத்தனார் மும்பையில் சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறாள். அங்கே வீடு பேசி முடித்த மறுநாள் ஏஜென்ட் கைரேகை மெஷினோடு வீட்டுக்கே வந்து, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் இரண்டு பேர் ரேகையும் எடுத்து, ஆன்லைனிலேயே பதிவு செய்துவிட்டுப் போனாராம். மகாராஷ்டிரத்தின் 1999ஆம் வருஷச் சட்டம், பதினொரு மாதமோ எட்டு மாதமோ, எழுதிப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது. செய்ய வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருக்கு. செய்யாமல் விட்டால், நிபந்தனை இதுதான் என்று குடித்தனக்காரர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், வீட்டுக்காரர் வேறு மாதிரி நிரூபிக்கும் வரை. அங்கேயும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், வீடுகள் அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. நம் தமிழ்நாட்டிலும் 2017இல் போட்ட சட்டம் 2019இல் அமலுக்கு வந்துவிட்டது, எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. மத்திய அரசு 2021இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டத்தில் இரண்டே மாதம். பத்து மாதத்தை உடனே இரண்டாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இந்த மடலைப் பாதியிலேயே மடித்துவிடுவீர்கள்.

லீஸ் வீடுகளைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது தெருவில் பாதி வீடு லீஸ்தான். ஐந்து லட்சம், ஏழு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் மூன்று வருஷம். நம் ஊரில் ஒத்தி, போகியம் என்போமே, அது. அந்த ஏழு லட்சத்துக்கு வாய்ப்பேச்சு போதுமா? போன வருஷம் ஒரு தையல்காரர் குடும்பம் கடைக்கு வந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை லீஸில் போட்டிருந்தார்கள். வீட்டை வைத்து ஓனர் ஏற்கெனவே கடன் வாங்கியிருக்கிறார், கட்டவில்லை, வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. தையல்காரர் மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்று வருஷ லீஸ், பதிவு இல்லை, கையெழுத்து மட்டும். பதிவு செய்ய வேண்டிய பத்திரத்தைப் பதியாமல் வைத்திருந்தால் குத்தகைக்கே அதைச் சாட்சியாக எடுக்க மாட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஜெராக்ஸ் எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஐந்து என்றார். காசு வாங்கவில்லை.

இனி நான் கேட்பது.

மாவு மில் சுவரில் இருக்கும் தாளை எடுத்துவிடுங்கள், தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று அதே இடத்தில் அதே இரண்டு மொழியில் ஒட்டுங்கள். குரூப்பில் மட்டும் போட்டால் எங்களுக்குத் தெரியாது, எங்களை அதில் சேர்க்கவில்லை.

புதிதாக வருகிறவருக்கும் இப்போது குடியிருக்கிறவருக்கும் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள், தமிழிலோ கன்னடத்திலோ, இரண்டு பேருக்கும் படிக்க வருகிற மொழியில். ஒரு பிரதி குடித்தனக்காரர் கையில் இருக்க வேண்டும். ‘ஒரிஜினல் என்கிட்ட இருக்கட்டும்மா’ என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது வேண்டாம்.

அட்வான்ஸை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் வீட்டு நம்பர், இரண்டு பேர் முழுப்பெயர், தொகை, தேதியோடு ரசீது கொடுங்கள். காலி செய்யும்போது எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள், பெயின்டிங்குக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்பதை உள்ளே வரும்போதே எழுதிவிடுங்கள். வீட்டுக்காரர் காலமானாலோ வீடு விற்கப்பட்டாலோ அட்வான்ஸைத் திருப்பித் தரும் பொறுப்பு வாரிசுக்கும் வாங்குபவருக்கும் உண்டு என்று ஒரு வரி சேருங்கள். இந்த வரியை இதுவரை எந்த ஒப்பந்தத்திலும் நான் அடித்ததில்லை. யாரும் கேட்டதில்லை.

சப் மீட்டர் வைத்திருப்பவர்கள் பெஸ்காம் மின்சார பில்லைக் காட்டிவிட்டுப் பணம் கேளுங்கள்.

லீஸுக்கு விடுபவர்கள், வீட்டின் மேல் கடன் இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் சொல்லி, வில்லங்கச் சான்றைக் காட்டி, துணைப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகு பணத்தை வாங்குங்கள். சங்கம் இதில் கறாராக இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு, அண்ணா, இதைப் படித்துவிட்டு வருத்தப்படாதீர்கள். 2016இல் உங்கள் வீட்டுக்கு வந்தோம். அட்வான்ஸ் 75,000, இப்போது வாடகை 9,500. உங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜீவனஹள்ளித் தாத்தா பற்றியும் இருந்ததில்லை. நம் வீட்டு ஒப்பந்தத்தைத் தமிழில் அடித்து வைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம். ஸ்டாம்ப் தாள் செலவு என்னுடையது. சேர்க்கவோ அடிக்கவோ வேண்டிய வரி இருந்தால் சொல்லுங்கள்.

அதே படிவத்தைச் சங்கத்தில் யார் கேட்டாலும் அடித்துக் கொடுக்கிறேன், இந்த மாதம் முழுக்கக் கூலி வேண்டாம். உங்கள் அடுத்த கூட்டத்துக்குக் குடித்தனக்காரர் பக்கம் நாலு பேரை அழையுங்கள், நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள். அதுவரை கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
மெயின் ரோட்டு டி.டி.பி. கடையில் டைப் அடிப்பவள்,
முதல் தெரு, மாடிப் போர்ஷன்